60,000 யூனிட் வைட்டமின் டி பவுடர்: எத்தனை வாரம், யாருக்குக் கூடாது?

கேள்வி: எனக்கு 43 வயது. வீடு தண்டையார்பேட்டை. எம்.சி. ரோட்டில் ஜவுளிக் கடையில் வேலை, காலை பத்து முதல் ராத்திரி ஒன்பது வரை நின்றபடியே. சில மாதங்களாக இடுப்பும் காலும் வலிக்கிறது. எங்கள் தெருவில் முகாம் போட்டு ரத்தம் எடுத்தவர்கள், வைட்டமின் டி 13தான் இருக்கிறது, ரொம்பக் குறைவு என்றார்கள். மருந்துக் கடையில் 60,000 யூனிட் பவுடர் பாக்கெட் பத்து கொடுத்தார்கள். தினம் ஒன்று என்கிறார் ஒருவர், வாரம் ஒன்று என்கிறார் இன்னொருவர். ஒரே ஊசியில் வருஷம் முழுக்கச் சரியாகிவிடும் என்று பக்கத்து கிளினிக்கில் சொல்கிறார்கள். மழைக்காலம், வெயிலே இல்லை. இதைத் தொடர்ந்து சாப்பிட வேண்டுமா? அதே பவுடரை என் மாமியாருக்கும் தரலாமா? அவருக்கு 67 வயது, சர்க்கரை உண்டு. சிறுநீரகத்துக்கான ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் 1.3, கொஞ்சம்தான் அதிகம் என்றார்கள்.

பதில்: பாக்கெட்டைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். இன்று ராத்திரியே நீங்கள் ஒன்றைப் பிரித்துவிடக்கூடும். வாரத்துக்கு ஒன்று. தினமும் அல்ல. எட்டு வாரம், எட்டு பாக்கெட். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு என்று ஒரு நாளை முடிவு செய்துகொண்டு, காலண்டரில் எட்டு ஞாயிறுகளையும் இப்போதே வட்டம் போட்டுவிடுங்கள். கொழுப்பில் கரையும் சத்து இது. அதனால் வெறும் வயிற்றில் வேண்டாம். குழம்பு, மீன், பால் என்று ஏதாவது கொழுப்புள்ள உணவோடு போனால் நன்றாக உடம்பில் சேரும். கடைக்காரர் கொடுத்த பத்தில் இரண்டு மிஞ்சும். அவற்றை என்ன செய்வது என்று பிறகு சொல்கிறேன்.

கணக்கைப் பாருங்கள். வாரம் ஒன்று என்றால் ஒரு நாளைக்குச் சுமார் 8,500 யூனிட் ஆகிறது. குறைபாடு உள்ள பெரியவர்களுக்குச் சில வாரங்கள் கொடுக்க இது சரியான அளவு. தினம் ஒன்று என்றால் ஒரே மாதத்தில் 18 லட்சம் யூனிட் உள்ளே போகும். குறைபாடு இல்லாத ஒரு பெரியவருக்கு ஐ.சி.எம்.ஆர். 2020ல் பரிந்துரைத்தது நாளைக்கு 600 யூனிட். டாக்டர் மேற்பார்வை இல்லாமல் நீண்ட நாள் சாப்பிடக்கூடிய உச்சவரம்பாகப் பொதுவாகச் சொல்லப்படுவது 4,000. தினம் ஒரு பாக்கெட் சாப்பிட்டுவிட்டு வாந்தி, மலச்சிக்கல், தீராத தாகம், மந்தம் என்று வருபவர்களை நான் பார்க்கிறேன். ரத்தத்தில் கால்சியம் ஏறிவிடும், சிறுநீரகம் அடிபடும். கொழுப்பில் தேங்கி நிற்கிற சத்து என்பதால், நிறுத்திய பிறகும் வாரக்கணக்கில் அவஸ்தை தொடரும்.

இவர்கள் யாரும் பேராசையில் சாப்பிட்டவர்கள் இல்லை. சீட்டில் "60 கே" என்று மட்டும் எழுதியிருக்கும். வாரம் ஒன்று என்பதை வாய்மொழியாகச் சொல்லியிருப்பார்கள், சில சமயம் அதுவும் இருக்காது. எப்போது நிறுத்த வேண்டும் என்று எழுதித் தருகிறவர்கள் மிகக் குறைவு. ஓ.பி.யில் ஒரு ஆளுக்கு இரண்டு நிமிஷம் என்று வைத்திருக்கும் ஏற்பாட்டில் இந்த ஒரு வரிதான் முதலில் விடுபடுகிறது. நிறுத்தும் தேதி இல்லாத வைட்டமின் டி சீட்டை யார் தந்தாலும், அங்கேயே நின்று "எந்தத் தேதியோடு முடிகிறது?" என்று கேட்டு எழுதி வாங்குங்கள். கேட்பதற்குச் சங்கடப்பட வேண்டாம்.

அடுத்து ஊசி. வேண்டாம். 3 லட்சம், 6 லட்சம் யூனிட் என்று ஒரே குத்தில் ஏற்றுவார்கள். போட்டதைத் திரும்ப எடுக்க முடியாது. தசையில் போட்ட மருந்து எவ்வளவு வேகத்தில் ரத்தத்தில் சேரும் என்பதும் ஆளுக்கு ஆள் மாறும். வாயால் சாப்பிட முடிகிற, குடல் சரியாக வேலை செய்கிற ஒருவருக்கு இதற்கு அவசியமே கிடையாது. ஆஸ்திரேலியாவில் 70 வயது தாண்டிய பெண்களுக்கு வருஷத்துக்கு ஒரே தடவையாக 5 லட்சம் யூனிட்டை வாய்வழியாகக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2010ல் வெளியானது. எலும்பு முறிவு குறையும் என்று எதிர்பார்த்தார்கள். மருந்து எடுத்துக்கொண்டவர்களிடம் கீழே விழுவதும் எலும்பு உடைவதும் கூடியிருந்தது. இது தெரிந்து இத்தனை வருஷம் கழித்தும் தெரு கிளினிக்குகளில் "ஒரே ஊசி, வருஷம் முழுக்க" என்கிற பேச்சு ஓயவில்லை. ஊசிக்குத் தனிக் கட்டணம் வாங்கலாம், பவுடருக்கு வாங்க முடியாது என்பதைத் தவிர எனக்கு வேறு காரணம் தெரியவில்லை.

முகாம் பற்றியும் சொல்லியாக வேண்டும். வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, ராயபுரம் என்று எங்கு பார்த்தாலும் "முழு உடல் பரிசோதனை, சலுகை விலை" என்று மேஜை போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அந்தப் பட்டியலில் வைட்டமின் டி கட்டாயம் இருக்கும். நம் ஊரில் யாருக்கு எடுத்தாலும் பெரும்பாலும் குறைவாகத்தான் வரும் என்பது அவர்களுக்குத் தெரியும். சிவப்பு மையில் "குறைவு" என்று வந்ததும் பயம் வரும், பயம் வந்ததும் அடுத்த விற்பனை நடக்கும். ஆள் பிடித்துத் தருபவருக்குக் கமிஷன். ஆரோக்கியமாக இருக்கிறவர்களுக்கு வைட்டமின் டி பரிசோதனையை வழக்கமாக எடுக்கத் தேவையில்லை என்று அமெரிக்க நாளமில்லாச் சுரப்பியியல் சங்கம் 2024ல் வெளியிட்ட வழிகாட்டுதலிலேயே சொல்லிவிட்டது. பரிசோதனைக்கு ஆகிற பணத்தில் எட்டு வாரச் சிகிச்சையையே வாங்கிவிடலாம்.

உங்கள் விஷயத்தில் 13 என்பது பொய்யான பயமுறுத்தல் இல்லை. 20 நானோகிராமுக்குக் கீழே இருந்தால் குறைபாடு என்று பெரும்பாலான டாக்டர்கள் எடுத்துக்கொள்கிறார்கள், அதனால் சிகிச்சை சரிதான். ரிப்போர்ட்டில் அளவுக்குப் பக்கத்தில் நானோகிராம் என்று இருக்கிறதா, நானோமோல் என்று இருக்கிறதா என்று மட்டும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். சில லேப்கள் நானோமோலில் தருவார்கள். அந்தக் கணக்கில் 50தான் நம்முடைய 20.

இனி மழை. டிசம்பரில் லண்டனில் இருப்பவர்களுக்குச் சொல்கிற ஆலோசனையை அப்படியே எடுத்து இங்கே பரப்புகிறார்கள். அங்கே குளிர்காலத்தில் சூரியன் தாழ்ந்து போவதால், மாதக்கணக்கில் தோல் இந்தச் சத்தைத் தயாரிக்கவே முடியாது. சென்னை 13 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. மார்கழி மாதத்திலும் நடுப்பகலில் சூரியன் போதிய உயரத்துக்கு வந்துவிடுகிறது. நம்முடைய அதே அட்சரேகையை ஒட்டிய திருப்பதியில் நடந்த ஆய்விலும் பகல் 11 முதல் 2 மணி வரைதான் தோலில் இது அதிகம் உருவாகிறது என்று தெரிந்தது. உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக விழுகிற நேரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள், அதுவே போதும். டிசம்பரில்கூட அது ஏறக்குறைய பத்தரை முதல் ஒன்றரை வரை கிடைக்கும். காலை ஏழு மணி இளவெயில் மனசுக்கு இதம், ஆனால் அதிலிருந்து வைட்டமின் டி அனேகமாகக் கிடைக்காது. கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து வாங்குகிற வெயிலும் அப்படித்தான்.

ஆக, உங்கள் குறைக்கு வடகிழக்குப் பருவமழை முக்கியக் காரணம் இல்லை. கருமேகம் மூடிய நாட்களில் பெருமளவு குறையும், உண்மைதான். ஆனால் ரத்தத்தில் இருக்கும் அளவு பாதியாகக் குறையவே இரண்டு மூன்று வாரம் ஆகும். நாலு நாள் அடைமழைக்கு யாரும் பாக்கெட்டைப் பிரிக்க வேண்டியதில்லை. காலை பத்து மணிக்குக் கடைக்குள் நுழைந்து இருட்டிய பிறகு வெளியே வருகிற வேலைதான் காரணம். சித்திரையில் எடுத்திருந்தாலும் உங்களுக்குக் குறைவாகத்தான் வந்திருக்கும். சாப்பாட்டு இடைவேளையில் பதினைந்து இருபது நிமிஷம் மொட்டை மாடியிலோ நடைபாதையிலோ, கையும் முகமும் வெயிலில் படும்படி நில்லுங்கள், வாரத்தில் மூன்று நாலு நாளாவது. கறுத்த தோலுக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் தேவைப்படும்.

சாப்பாட்டைப் பொறுத்தவரை, காசிமேடு பக்கத்தில் இருப்பது உங்கள் அதிர்ஷ்டம். மத்தியும் கானாங்கத்தையும் விலை குறைவு, இந்தச் சத்தும் அவற்றில்தான் அதிகம். முட்டையின் மஞ்சள் கருவில் கொஞ்சம் உண்டு. செறிவூட்டிய பால் பாக்கெட்டில் கூட்டல் குறியும் எஃப் எழுத்தும் போட்டிருப்பார்கள். ஆனால் அதிலும் ஒரு டம்ளருக்கு 40 முதல் 60 யூனிட்தான்.

இப்போது மாமியார். அந்தப் பவுடரை அவருக்குக் கொடுக்காதீர்கள். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

கிரியாட்டினின் 1.3 என்றால் "கொஞ்சம்தான் அதிகம்" என்று சொன்னவர், அவருடைய வயதைக் கணக்கில் எடுக்கவில்லை. முப்பது வயது ஆணுக்கு 1.3 என்பது வேறு, 67 வயதுப் பெண்ணுக்கு 1.3 என்பது வேறு. வயதான பெண்களுக்குத் தசை குறைவு என்பதால் கிரியாட்டினின் உற்பத்தியே குறைவாக இருக்கும். அப்படியும் 1.3 வருகிறது என்றால் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் 45ஐ ஒட்டி இருக்கிறது என்று அர்த்தம். வயது, ஆணா பெண்ணா என்பது, கிரியாட்டினின் மூன்றையும் வைத்துப் போடுகிற கணக்கு இது. இயல்பாக 90க்கு மேல் இருக்க வேண்டும், வயதானால் கொஞ்சம் இறங்கும். 45 என்பது கவனிக்க வேண்டிய இடம். சர்க்கரையும் இருக்கிறது.

நாம் சாப்பிடுகிற வைட்டமின் டியைக் கடைசிக் கட்டத்தில் வேலை செய்யும் வடிவத்துக்கு மாற்றுவது சிறுநீரகம்தான். அது தளரும்போது கால்சியம், பாஸ்பரஸ், கழுத்தில் இருக்கும் பாரா தைராய்டு சுரப்பி மூன்றும் சேர்ந்து குழம்பும். அதனால் அவருக்கு வைட்டமின் டியே கூடாது என்று நான் சொல்லவில்லை. பல சிறுநீரக நோயாளிகளுக்குத் தேவைப்படும், கொடுப்பதும் உண்டு. ஆனால் முதலில் கால்சியம், பாஸ்பரஸ், பாரா தைராய்டு ஹார்மோன், சிறுநீரில் புரதம் ஆகியவற்றைப் பார்த்துவிட்டு, சிறுநீரக டாக்டர் அளவு சொல்ல வேண்டும். ஸ்டான்லி மருத்துவமனையில் சிறுநீரகப் பிரிவு இருக்கிறது. பழைய ரிப்போர்ட்டுகளைத் தேதி வரிசையில் அடுக்கி எடுத்துக்கொண்டு போங்கள். காத்திருக்க வேண்டியிருக்கும். இருந்தாலும் போங்கள்.

அதைவிட எனக்குப் பெரிய பயம் வேறொன்று. "முட்டி வலிக்குக் கால்சியம் மாத்திரை" என்று கேட்டால் கடையில் தருகிற பல மாத்திரைகளில் கால்சியத்தோடு கால்சிட்ரியால் 0.25 மைக்ரோகிராம் கலந்திருக்கும். எண் சின்னதாகத் தெரிவதால் யாரும் பயப்படுவதில்லை. ஆனால் இது சிறுநீரகம் கடைசியில் செய்து தரும் அந்த வீரியமான வடிவமேதான். உடம்பின் கட்டுப்பாட்டைத் தாண்டி நேராகக் கால்சியத்தை ஏற்றும். இன்னொரு வேதனை, வழக்கமான வைட்டமின் டி பரிசோதனையில் இது தெரியாது. ஆறு மாதம் சாப்பிட்டாலும் ரிப்போர்ட்டில் குறைவு என்றே வரும், உடனே இன்னொரு மருந்தைச் சேர்ப்பார்கள். மாமியார் இப்போது சாப்பிடுகிற ஒவ்வொரு அட்டையின் பின்பக்கத்தையும் வெளிச்சத்தில் பிடித்துப் படியுங்கள். கால்சிட்ரியால் என்று இருந்தால், அதை எழுதிக் கொடுத்த டாக்டரிடம் இந்த வாரமே கேளுங்கள். யாரும் எழுதித் தராமல் கடையில் வாங்கியது என்றால் நிறுத்திவிடுங்கள். காரணமில்லாத வாந்தி, குழப்பமான பேச்சு, தூக்கக் கலக்கம், அடிக்கடி சிறுநீர் இவற்றில் ஏதாவது இருந்தால், சர்க்கரைதான் ஏறிவிட்டது என்று வீட்டில் வைத்துப் பார்க்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய் கால்சியமும் பார்க்கச் சொல்லுங்கள்.

உங்கள் வலிக்கு வருகிறேன். தரையில் உட்கார்ந்தால் கையை ஊன்றாமல் எழ முடியவில்லையா? படி ஏறும்போது தொடை துவண்டு போகிறதா? எலும்பை அழுத்தினால் வலிக்கிறதா? அப்படியென்றால் குறைபாடு எலும்பையே பாதித்திருக்கலாம். கால்சியத்தோடு அல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற ரத்தப் பரிசோதனையும் எடுத்து டாக்டரைப் பாருங்கள். இவை எதுவும் இல்லாமல் சாயங்காலம் மட்டும் வலி கூடி, விடுமுறை நாளில் குறைகிறது என்றால் அது நின்று நின்று வருகிற வலி. பவுடர் அதைத் தீர்க்காது. ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை மூன்றையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021ல் தமிழ்நாட்டில் சட்டத்தையே திருத்தியாகிவிட்டது. உங்கள் கடையில் இருக்கை போட்டிருக்கிறார்களா? போட்டிருந்தால் அதில் உட்கார விடுகிறார்களா? சட்டம் போட்டவர்கள் ஒரு சாயங்காலம் எம்.சி. ரோடு பக்கம் வந்து பார்த்தால் தேவலை.

எட்டு வாரம் முடிந்ததும் பாக்கெட்டை நிறுத்திவிட்டு, தினம் 1,000 யூனிட் மாத்திரைக்கு மாறுங்கள். தினசரி மாத்திரை மறந்துபோகும் என்றால், மாதம் ஒரு பாக்கெட் என்று மீதமிருக்கும் இரண்டையும் பயன்படுத்திக்கொள்ளலாம். எட்டாவது பாக்கெட்டிலிருந்து ஒரு மாதம் கழித்து முதலாவது, அடுத்த மாதம் இரண்டாவது. இரண்டு வழியையும் சேர்த்துச் செய்யக் கூடாது. கடையில் "நானோ" என்று பெயர் போட்ட குட்டிப் பாட்டிலைக் காட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். உங்கள் குடலுக்குச் சாதாரணப் பவுடரே போதும்.

மறுபரிசோதனையை இன்றிலிருந்து மூன்று மாதம் கழித்து, அதே லேபில் எடுங்கள். அதற்கு முன்னால் எடுத்தால் அளவு நிலைப்பட்டிருக்காது, பணம் வீண். வைட்டமின் டி, கால்சியம் இரண்டு மட்டும் என்று சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள். பேக்கேஜ்தான் மலிவு என்பார்கள். மாட்டேன் என்று சொல்லிவிடுங்கள்.