பழைய களஞ்சியத்தை ஊருக்குத் திறந்துவிட்டா யார் வருவாங்க? அதை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

வாசகர் ஒருத்தர் கேட்டிருக்கார்: "எங்க ஊர்ல ரொம்பப் பழைய தானியக் களஞ்சியம் ஒன்னு வருஷக்கணக்கா பூட்டியே கிடக்கு. ஓனர் குடும்பம் அதை ஊர்ப் பொது உபயோகத்துக்கு நீண்டகால லீசுக்குத் தர ரெடியா இருக்காங்க. நாங்க ஒரு சர்வே எடுத்தோம், பதில் சொன்னவங்கள்ல கிட்டத்தட்ட எல்லாரும் 'வேணும்'னு டிக் பண்ணிட்டாங்க. இதை வச்சு நிதி கேக்கப் போகலாமா?"

இப்பவே போகாதீங்க. அந்த 'வேணும்' பொய்னு நான் சொல்லல, ஆனா ஒரு அழகான பழைய கட்டடத்தைக் காப்பாத்தலாமானு கேட்டா யார்தான் வேணாம்னு சொல்வாங்க? அவங்க சொன்னது கட்டடத்து மேல இருக்கிற பாசம். செவ்வாய்க்கிழமை சாயந்திரம் ஏழு மணிக்கு வாடகை கொடுத்து அங்க வந்து உக்காருவாங்களாங்கிறது வேற கேள்வி, அதை நீங்க இன்னும் கேக்கவே இல்ல. நிதி கொடுக்கிறவங்க முதல்ல பாக்கிறதும் அதைத்தான்: கூரையைச் சரிபண்ணிக் கொடுத்துட்டா அதுக்கப்புறம் வருஷா வருஷம் கரண்ட் பில்லும் இன்சூரன்சும் யார் கட்டுவா?

நான் உங்க இடத்துல இருந்தா அடுத்த சர்வேக்கு முன்னாடி டைரிகளைத் தேடிப் போவேன். ஊர்லயும் பக்கத்துலயும் ஏற்கெனவே வாடகைக்கு விடற இடம் என்னென்ன இருக்கு, பள்ளிக்கூட ஹால், கோயில் சர்ச் மாதிரி இடத்தோட மண்டபம், கிளப் ரூம், லைப்ரரி மாடி, எல்லாத்தோட புக்கிங் டைரியையும் கேட்டு வாங்கிப் பாருங்க. ஒரு நாளைக்கு காலை, மதியம், சாயந்திரம்னு மூணு ஸ்லாட் வச்சா வாரத்துக்கு 21 ஸ்லாட், அதை ஒரு தாள்ல கட்டம் போட்டு எது நிரம்பியிருக்கு எது காலியா இருக்குனு நிரப்புங்க. சாயந்திரம் எல்லாம் ஃபுல்லா இருந்து பகல் முழுக்க காலியா இருக்கலாம், அப்படின்னா ஊருக்குக் குறைச்சலா இருக்கிறது சாயந்திர இடம் மட்டும்தான், நீங்க பகல்லயும் கூட்டம் வரும்னு கணக்குப் போட்டா அது நிக்காது. அந்த ஹால்களைப் பாத்துக்கிறவங்ககிட்ட இன்னொன்னும் கண்டிப்பா கேளுங்க: இடம் இல்லைனு யாரைத் திருப்பி அனுப்பினீங்க? டைரில எழுதாத இந்தத் தகவல்தான் மொத்த ஆராய்ச்சிலயே விலைமதிப்பு அதிகம், ஏன்னா அவங்க ஏற்கெனவே இடம் தேடி அலைஞ்சவங்க.

இப்படிப் பேசும்போது மறைக்காம பேசுங்க, உங்க களஞ்சியம் திறந்தா அவங்க புக்கிங் இங்க வந்துடுமோங்கிற பயம் நியாயமானது. ஒரு ஹாலைக் காலி பண்ணி இன்னொரு ஹாலை நிரப்பினா ஊருக்குப் புதுசா எதுவும் கிடைக்கல, நிதி கொடுக்கிறவங்களும் இதை நேராவே கேப்பாங்க.

அடுத்து குழுக்களை நடத்துறவங்க. டான்ஸ் கிளாஸ், யோகா, நாடகக் குழு, தாய்மார் குழந்தைகள் குழு, முதியோர் சந்திப்பு, கைவினை, சாயந்திர டியூஷன், இவங்களை ஒவ்வொருத்தரா உக்காந்து அரைமணி நேரம் பேசுங்க. 'புது இடம் வந்தா வருவீங்களா'னு கேக்காதீங்க. இப்போ எங்க நடத்துறீங்க, எந்த நாள், எத்தனை பேர், மணிக்கு எவ்ளோ கொடுக்கிறீங்க, அங்க உங்களுக்கு என்ன கஷ்டம், போன வருஷம் எத்தனை வாரம் கேன்சல் ஆச்சு, இப்படி நடந்ததை மட்டும் கேளுங்க. பேச்சுல சின்னச் சின்ன விஷயம் வரும், அதுலதான் முடிவே இருக்கு. யோகா நடத்துறவங்களுக்கு அழகான மரக்கூரையை விட பாயை பூட்டி வைக்க ஒரு அலமாரி முக்கியமா இருக்கும், நாடகக் குழுவுக்கு செட் சாமான் வைக்க இடம் இல்லைனா வாரா வாரம் வேன் வைக்கணும், குழந்தைங்க குழுவுக்கு டாய்லெட் அதே கூரைக்குக் கீழ இருந்தே ஆகணும்.

இங்க கட்டடத்தைப் பத்தியும் சொல்லணும், ஏன்னா களஞ்சியம் ஹால் கிடையாது. கதிரடிக்கிற வேலையும் உள்ளயே நடந்த பழைய களஞ்சியங்கள்ல எதிரெதிரா பெரிய கதவு வச்சிருப்பாங்க, ரெண்டையும் திறந்தா நடுக்களத்துல காத்து ஓடும், அந்தக் காத்துல தூத்திப் பதரைப் பிரிப்பாங்க. தானியம் புழுங்காம இருக்க சுவர்ல குறுகலான காத்துத் துவாரமும் இருக்கும். காத்தோட்டத்துக்குன்னே கட்டின இடம், அதை குளிர்காலத்துல சூடாக்கறது ரொம்பச் செலவு. அளவும் ஒரு சிக்கல்தான். இங்கிலாந்துல ஹார்மண்ட்ஸ்வொர்த்ல 1426-ல கட்டின களஞ்சியம் கிட்டத்தட்ட 58 மீட்டர் நீளம், உங்களோடது அவ்ளோ பெருசா இருக்காது, ஆனா சிக்கல் அதேதான்: வாரா வாரம் வரக்கூடிய குழுக்கள்ல நிறைய பேருக்கு இருபது முப்பது பேர் உக்கார்ற ரூம்தான் வேணும், உங்ககிட்ட இருக்கிறது ஒரே பெரிய வெளி. அதனால தேவையை மாசவாரியா கேளுங்க. குளிர் மாசத்துலயும் வருவீங்களா, கூட்டம் சின்னதா இருந்தா ஓரமா ஒரு தடுப்பு ரூம் போதுமானு கேளுங்க. வௌவாலோ ஆந்தையோ குடியிருந்தா பல நாடுகள்ல சட்டப்பாதுகாப்பு உண்டு, பாரம்பரியக் கட்டடம்னு பட்டியல்ல இருந்தா ஜன்னல் வெட்டக்கூட அனுமதி வேணும், தீயணைப்பு விதிப்படி எத்தனை பேரை உள்ள விடலாங்கிறதை வெளியேற வாசல் தீர்மானிக்கும். இதெல்லாம் தோராயமாவாவது தெரிஞ்சுக்கிட்டு மக்கள்கிட்ட போங்க, இல்லைனா கொடுக்க முடியாததை ஆசை காட்டினதா ஆயிடும்.

இப்போ சர்வேக்கு வருவோம். வாட்ஸாப்ல லிங்க் போட்டு வந்த பதில், ஏற்கெனவே ஆர்வம் இருக்கிறவங்களோட பதில். பதில் சொல்லாதவங்க யாருனு பாருங்க. மக்கள்தொகைக் கணக்குல உங்க பகுதில எந்த வயசுக்காரங்க எத்தனை பேர்னு கிடைக்கும், அதோட உங்க பதில்களை ஒப்பிட்டா யார் விட்டுப்போனாங்கனு தெரிஞ்சிடும், பெரும்பாலும் டீனேஜ் பசங்க, ஷிஃப்ட் வேலைக்குப் போறவங்க, வீல்சேர்ல இருக்கிறவங்க, புதுசா குடிவந்தவங்க. அவங்க இருக்கிற இடத்துக்கு நீங்க போகணும். எத்தனை பேரைக் கேக்கணும்னா, ஆயிரம் பேர் இருக்கிற ஊர்ல சுமார் 280, பத்தாயிரம் பேர்னா சுமார் 370, இது 95 சதவீத நம்பகத்தோட கூட்டியோ குறைச்சோ 5 சதவீதத் துல்லியத்துக்கு, அதாவது இதே மாதிரி நூறு தடவை கேட்டா சுமார் 95 தடவை உங்க சதவீதம் ஊரோட உண்மையான சதவீதத்துலேர்ந்து அஞ்சுக்கு மேல விலகாது. ஆனா இந்தக் கணக்கு குலுக்கல் முறைல வீடுகளைத் தேர்ந்தெடுத்தா மட்டும்தான் செல்லும். தானா வந்து பதில் சொன்ன ஆயிரம் பேரை விட இப்படித் தேடிப்போய் கேட்ட இருநூறு பேர் எனக்குப் பெருசு.

வாயால சொன்னது, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது, காசு கொடுத்தது, மூணையும் தனித்தனியா எழுதுங்க, ஒன்னா கூட்டவே கூட்டாதீங்க. குழுக்கள்கிட்ட நாள், நேரம், தரத் தயாரா இருக்கிற வாடகை மூணும் எழுதின கடிதம் வாங்குங்க. கட்டடம் பாதுகாப்பா இருக்குனு ஒரு இன்ஜினியர் சொன்னா, ரிப்பேருக்கு முன்னாடியே தற்காலிக அனுமதி வாங்கி நாலஞ்சு நிகழ்ச்சி நடத்திப் பாருங்க. சின்னக் கட்டணமாவது வைங்க, இலவசமா வந்த கூட்டத்தை வச்சு எதையும் முடிவு பண்ண முடியாது. யார் எங்கிருந்து வந்தாங்க, எதுல வந்தாங்க, வண்டி எங்க நிறுத்தினாங்க, பக்கத்து வீட்டுக்காரங்க சத்தத்தைப் பத்தி என்ன சொன்னாங்க, எல்லாத்தையும் அன்னைக்கே குறிச்சிடுங்க.

கல்யாண வாடகை வச்சே ஓட்டிடலாம்னு கமிட்டில யாராவது கண்டிப்பா சொல்வாங்க. வருமானம் வரும், மறுக்கல. ஆனா எல்லாரும் கேக்கிறது சீசன்ல வர்ற வார இறுதிதான், அதே நாள்தான் ஊர்க்காரங்களுக்கும் வேணும், சத்தமும் பார்க்கிங்கும் சேர்ந்தா அக்கம்பக்கத்து ஆதரவு போயிடும். வாரா வாரம் வர்ற குழுக்களோட வாடகைல அடிப்படைச் செலவு எவ்ளோ தூரம் ஈடாகுதுனு முதல்ல பாருங்க, விசேஷ வாடகை அதுக்கு மேல வரட்டும்.

எல்லாம் முடிச்சுப் பாத்தா எண்ணிக்கை நீங்க நினைச்சதை விடக் குறைவா வரலாம். அதுக்காகத் திட்டத்தைக் கைவிடணும்னு இல்ல. வெயில் மாசங்களுக்கு மட்டும் திறக்கிறது, ஒரு ஓரத்துல மட்டும் சூடாக்கக்கூடிய ரூம் கட்டி மீதியை இருக்கிறபடியே விடறது, ஒரு பகுதியை பட்டறைக்கோ ஆபீசுக்கோ நிரந்தர வாடகைக்கு விடறதுனு வழி இருக்கு, பழைய மரவேலையைக் கம்மியா தொடறதால பாரம்பரியத் துறை அனுமதியும் இதுக்குச் சுலபமா கிடைக்க வாய்ப்பு உண்டு. ஓனர் குடும்பத்துகிட்ட லீஸ் கையெழுத்தை இந்தக் கணக்கு வர்ற வரைக்கும் தள்ளிப்போடச் சொல்லுங்க, கையெழுத்து போட்ட நாள்லேர்ந்து கூரை ஒழுகினா பொறுப்பு உங்களோடதா ஆயிடலாம்.