கேள்வி பதில்: போதைப்பொருள் கட்டுப்பாட்டில் அரச உத்தியோகம்

மருந்து இறக்குமதி அனுமதி வேலையில் பல வருடம் இருந்து, ஓய்வுபெற்று மட்டக்களப்பில் இருக்கிறேன். கேளுங்கள்.

கல்முனையிலிருந்து: ஐயா, இது கடத்தல்காரரைத் துரத்தும் வேலையா?

அது பொலிஸ் வேலை தம்பி. என் வேலை மேசையில். 1961 ஐ.நா. போதைப்பொருள் ஒப்பந்தத்தின்படி ஒவ்வொரு நாடும் அடுத்த வருடத்துக்கு மோர்பின் என்ற வலி மருந்து எவ்வளவு தேவை என்று கணக்கிட்டு, வியன்னாவிலுள்ள சர்வதேச போதைப்பொருள் கட்டுப்பாட்டுச் சபைக்கு அனுப்ப வேண்டும். அதற்கு மேல் வாங்க முடியாது. வாங்கும் நாடும் விற்கும் நாடும் தனித்தனியே அனுமதி எழுதினால்தான் பெட்டி நகரும். அதிகாரி பயந்துபோய்க் கணக்கைக் குறைத்தால் கள்ளக் கடத்தல்காரனுக்கு ஒன்றும் ஆகாது, புற்றுநோய்க்காரர்தான் இரவெல்லாம் துடிப்பார். வலி தீர்க்க இவ்வகை மருந்துகள் இன்றியமையாதவை என்று ஒப்பந்தத்தின் முகவுரையே சொல்கிறது. இந்தத் துறைக்கு வரும் பிள்ளைகள் முதலில் அதைப் படிக்க வேண்டும்.

வந்தாறுமூலை மாணவி: என்ன படித்தால் வியன்னா போகலாம்?

சட்டம், மருந்தியல், இரசாயனம் எல்லாம் உதவும் மகள். முதலில் உள்நாட்டில் அனுபவம் வேண்டும். இந்தியாவின் ஜக்ஜித் பவாடியா வருவாய்ப் பணியில் சேர்ந்து, போதைப்பொருள் ஆணையராக இருந்து, பிறகு அந்தச் சபையின் உறுப்பினராகி, தலைவராகவும் ஆனவர். சபையில் 13 பேர். மூவர் உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலிலிருந்து, மற்றவர்கள் அரசுகள் முன்மொழிபவர்கள். தெரிவான பிறகு தன் அரசுக்காக அங்கே பேசக்கூடாது. கிட்டத்தில் பார்த்தால், ஆசிய பசிபிக் நாடுகளின் கூட்டமைப்பான கொழும்புத் திட்டத்தின் போதைப்பொருள் பிரிவு 1973 முதல் கொழும்பிலேயே இயங்குகிறது.

அக்கரைப்பற்று: ஐ.நா. வேலைக்கு ஏஜென்ட் பணம் கேட்கிறார்.

கொடுக்காதீர்கள். ஐ.நா. எந்தக் கட்டத்திலும் பணம் கேட்பதில்லை.

ஏறாவூர்: 2020இல் ஐ.நா. கஞ்சாவை அனுமதித்துவிட்டதே?

இல்லை. வியன்னாவில் ஐ.நா. போதைப்பொருள் ஆணைக்குழு 27க்கு 25 என்ற வாக்கில், ஒப்பந்தத்தின் மிக இறுக்கமான பட்டியலான நான்காம் அட்டவணையிலிருந்து மட்டும் எடுத்தது. கட்டுப்பாடு உள்ள முதலாம் அட்டவணையில் இன்னும் இருக்கிறது.

அதே ஏறாவூர்க்காரர்: ஆயுர்வேதத்தில் இருக்கிறதே? ஒப்பந்தம் இலையைச் சேர்க்கவில்லையாமே?

உண்மைதான், பூ இல்லாத தனி இலை ஒப்பந்தத்தின் கஞ்சா வரைவிலக்கணத்துக்குள் வராது. ஆனால் ஒப்பந்தம் குறைந்தபட்ச வேலி. நாடு அதைவிட இறுக்கமாகச் சட்டம் போடலாம், இலங்கை போட்டிருக்கிறது. ஆயுர்வேதத்துக்கும் அனுமதி வழியாகத்தான். வியன்னா வாக்கைக் காட்டி இங்கே நீதிமன்றத்தில் தப்ப முடியாது.

வாழைச்சேனை: கஞ்சா இப்போது சட்டப்படி சரிதானே?

மேலே பாருங்கள்.

திருக்கோவில்: ஐ.நா. வேலைக்கு ஒருவர் பணம் கட்டச் சொல்கிறார்...

கட்டாதீர்கள். மேலேயே சொன்னேன்.

சம்மாந்துறை: துபாயில் இருக்கும் மகனுக்கு டிரமடோல் குளிசை கொண்டுபோகலாமா?

பொறுங்கள், இது முக்கியம். டிரமடோல் என்ற வலிக்குளிசை சர்வதேச அட்டவணையில் இல்லை, ஆனால் எமிரேட்ஸ் சட்டத்தில் கட்டுப்படுத்தப்பட்டது. அங்குள்ள அதிகாரிகளிடம் இணையத்தில் முன் அனுமதி எடுப்பது கொண்டுபோகிறவர் தன் சொந்தப் பாவனைக்கு மட்டும்தான். இன்னொருவருக்காக ஒரு குளிசையும் எடுக்காதீர்கள். மகன் அங்கேயே வைத்தியரிடம் எழுதி வாங்கட்டும்.