குப்பைக் கூடத்தில் மயில் வேண்டாம், டீச்சர்
வாசகர் கேள்வி – சிற்பி பதில்

கேள்வி: எங்கள் குடியிருப்பை ஒட்டி மாநகராட்சியின் நுண் உர மையம் இருக்கிறது. காய்ந்த குப்பையையும் அங்கேதான் பிரிக்கிறார்கள். அதன் முற்றத்தில் பிளாஸ்டிக் பாட்டில்களால் பத்தடி மயில் ஒன்று செய்து வைக்கலாம் என்று சங்கத்தில் பேசியிருக்கிறோம். நான் ஓவிய ஆசிரியை. மாணவர்களையும் சேர்த்துக்கொள்ள ஆசை. எப்படித் தொடங்குவது?
– வாசகி, திருச்சி

பதில்: மயிலைப் பூங்காவிலும் வைக்கலாம், ரவுண்டானாவிலும் வைக்கலாம். உங்களுக்கு வேண்டியது அந்தக் கூடத்தில் மட்டுமே பொருந்துகிற ஒன்று. முதலில் ஒரு நாள் முழுக்க அங்கே இருந்து பாருங்கள். வண்டி எந்தப் பக்கம் திரும்புகிறது, பிரிக்கும் பெண்கள் எந்த நிழலில் உட்காருகிறார்கள், சாப்பாட்டுப் பையை எங்கே மாட்டுகிறார்கள் என்றெல்லாம் தெரிந்த பிறகு பென்சிலை எடுங்கள்.

நியூயார்க்கில் அரசு அலுவலகச் சதுக்கம் ஒன்றின் குறுக்கே 1981-ல் அமெரிக்கச் சிற்பி ரிச்சர்ட் செர்ரா 120 அடி நீள எஃகுச் சுவரை நிறுத்தினார். அந்த இடத்துக்கென்றே செய்த படைப்பு. இடம் மாற்றினால் அது அழிந்ததாகவே பொருள் என்று வாதாடினார். தினமும் அதைச் சுற்றிக்கொண்டு நடந்த ஊழியர்கள் பலர் எதிர்த்தார்கள். 1989-ல் அகற்றிவிட்டார்கள். செர்ராவை எனக்கு மிகவும் பிடிக்கும். இருந்தாலும் இந்த வழக்கில் என் மனம் அந்த ஊழியர்கள் பக்கம்தான்.

அடுத்தது பொருள். பாட்டிலைத் தொடாதீர்கள். பழைய இரும்புக் கடையில் அதற்கு விலை உண்டு. பல ஊர்களில் அந்தப் பணம் பிரிக்கிறவர்களுக்குப் போகிறது. பத்தடி மயிலுக்கு அவர்கள் வருமானத்தை எடுப்பது நியாயமில்லை. மேலும் உங்கள் ஊர் வெயிலில் பாட்டில் வெளுத்து, நொறுங்கி, தூளாக மண்ணில் கலக்கும். மழைநீர் தேங்கினால் கொசு வேறு.

எந்தக் கடையும் வாங்காததை எடுங்கள்: உடைந்த பீங்கான் கோப்பை, டைல்ஸ் துண்டு, கண்ணாடி வளையல். வெயிலுக்கு இவற்றின் நிறம் எளிதில் போகாது. சண்டிகரில் சாலை ஆய்வாளராக இருந்த நேக் சந்த், 1957 முதல் அரசுக் காட்டு நிலத்தில் யாருக்கும் தெரியாமல் இப்படித்தான் ஓர் உலகத்தையே கட்டினார். 1976-ல் அது மக்களுக்குத் திறக்கப்பட்டது. அங்குள்ள பொம்மைகள் பலவற்றுக்கு உடைந்த வளையல்தான் உடை.

துண்டுகளை நேரே சுவரில் பதிக்காதீர்கள். இரண்டடிச் சதுர சிமென்ட் பலகைகளில் பதித்து, பலகைகளைச் சுவரில் போல்ட் போட்டு மாட்டுங்கள். நாளை சுவரை இடித்தாலும் பலகை பிழைக்கும். வண்டியும் கூடையும் உரசாத உயரத்தில் தொடங்குங்கள். கைபடும் விளிம்புகளைச் சாணைக்கல்லில் தேய்த்துவிடுங்கள். கண்ணாடித் தூள் பறக்கும் என்பதால் நனைத்தபடியே தேய்க்க வேண்டும். பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் அணிந்த பெரியவர்களே இதைச் செய்யட்டும்.

மியர்ல் லேடர்மன் யூக்கலஸ் என்ற கலைஞர் 1979–80-ல் நியூயார்க்கின் துப்புரவுத் தொழிலாளர்கள் சுமார் 8,500 பேரைத் தேடிப் போய், ஒவ்வொருவரிடமும் கைகுலுக்கி நன்றி சொன்னார். அதுவே அவருடைய படைப்பு. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது. உங்கள் படைப்பிலும் அந்தப் பெண்கள் பார்வையாளர்களாக நிற்கக் கூடாது. எந்தப் பொருள் எவ்வளவு வரும், எந்த மாதத்தில் வரும் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். அந்த நேரத்துக்குக் கூலி கொடுங்கள். சங்கத்தின் பட்ஜெட்டில் அதை முதல் வரியாக எழுதுங்கள். விருப்பமுள்ளவர்களின் பெயர் பலகையில் இருக்கட்டும்.

வடிவத்தையும் அவர்களிடமே கேளுங்கள். அவர்களில் பலருக்குப் புள்ளிக் கோலம் கைவந்த கலையாக இருக்கும். மணல் பரப்பில் புள்ளி வைத்து, துண்டுகளை அடுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் மாணவர்களுக்கும் அங்கே வேலை உண்டு: கழுவித் தேய்த்த துண்டுகளை நிறவாரியாகப் பிரித்துக் கொடுப்பது, கோலத்தைக் கட்டம் போட்ட தாளில் அளவு மாறாமல் பிரதி எடுப்பது. அந்தத் தாளைப் பார்த்துத்தான் பலகையில் பதிக்க வேண்டும்.