கப்பல் கம்பெனி விமானக் கம்பெனியான கதை

கேள்வி: ஹவாயன் ஏர்லைன்ஸ் முதலில் கப்பல் கம்பெனியாக இருந்ததாமே, நிஜமா? – வாசகி ஒருவர், கொளச்சல்

பதில்: நிஜம்தான் அம்மா. 1883இல் ஹொனலுலுவில் தொடங்கிய இன்டர்-ஐலண்ட் ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனிதான் அதற்குத் தாய். அப்போது ஹவாய் அமெரிக்காவோடு சேரவில்லை, ராஜா ஆண்ட தனி நாடு. சின்னச் சின்ன நீராவிக் கப்பல்களை வைத்துக்கொண்டு தீவுக்குத் தீவு ஆள், தபால், சர்க்கரை மூட்டை எல்லாம் ஏற்றினார்கள். 1905இல் போட்டியாளரான வைல்டர் கம்பெனியும் இதோடு சேர்ந்துவிட்டது.

எனக்கு ரொம்பப் பிடித்தது மாடு ஏற்றிய விதம். ஹவாயில் கோனா என்ற பகுதியின் கரையில் அப்போது கப்பல் அணைய முடியாது. கொளச்சலில் தூரத்தில் நின்ற கப்பலுக்கு வள்ளத்தில் சரக்கு கொண்டுபோன கதையைப் பெரியவர்கள் சொல்லியிருப்பார்களே, அதே பாடுதான். குதிரையில் இருப்பவர் மாட்டைக் கயிற்றில் பிடித்து அலைக்குள் இழுத்துப்போவார், அப்புறம் மூக்கு தண்ணீருக்கு மேலே நிற்கும்படி படகின் ஓரத்தில் தலையைக் கட்டி, நீந்தவைத்தே கப்பலடிக்குக் கொண்டுபோய், வயிற்றுக்கடியில் பட்டை கொடுத்து மேலே தூக்குவார்கள். பாவம், அந்த மாடுகள்!

சரி, விமானத்துக்கு வருவோம். இதே கம்பெனி 1929இல் இன்டர்-ஐலண்ட் ஏர்வேஸைத் தொடங்கி, நவம்பர் 11 அன்று தண்ணீரிலும் தரையிலும் இறங்கும் சிகோர்ஸ்கி விமானத்தைப் பறக்கவிட்டது. 1941இல்தான் ஹவாயன் ஏர்லைன்ஸ் என்று பெயர் மாறியது.