முதல் டிராக்டர், பழைய டிராக்டர்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: துறையூர் பக்கம் எங்களுக்கு 5 ஏக்கர் நிலம். இதுவரை வாடகை வண்டியில்தான் உழவு. இப்போது 2014 மாடல், 42 எச்.பி. வண்டி ஒன்று 3 லட்சத்து 20 ஆயிரத்துக்கு வந்திருக்கிறது. ஒரே ஓனர், 2,100 மணி நேரம்தான் ஓடியிருக்கிறது, புது பெயின்ட், வெள்ளிக்கிழமைக்குள் அட்வான்ஸ் கொடுக்காவிட்டால் வேறு ஆளுக்குப் போய்விடும் என்கிறார் புரோக்கர். டிராக்டரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: முதலில் வெள்ளிக்கிழமையை மறந்துவிடுங்கள். அந்த வண்டி போனால் அதே விலையில் அதே மாதிரி வண்டி அடுத்த மாதமும் வரும். ஆனால் கொடுத்த அட்வான்ஸ் திரும்பி வராது.

அடுத்தது கணக்கு. கொக்கிக் கலப்பையில் ஒரு ஏக்கரை ஒரு முறை உழ ஒன்று, ஒன்றரை மணி நேரம் ஆகும். இரண்டு மூன்று உழவு, மண்ணைப் பொடியாக்கும் ரோட்டவேட்டர் ஒரு முறை என்று இரண்டு போகத்துக்குக் கணக்குப் போட்டாலும் 5 ஏக்கருக்கு வருடம் 50, 60 மணி நேரம்தான் வேலை. உங்கள் ஊர் வாடகையால் அதைப் பெருக்கி, 3 லட்சத்து 20 ஆயிரத்துக்கு வட்டி, இன்சூரன்ஸ், பேட்டரி, சர்வீஸ் செலவோடு வைத்துப் பாருங்கள். வேளாண்மைப் பொறியியல் துறையின் வண்டியை உழவன் செயலி வழியாக வாடகைக்குப் பதிவு செய்யலாம், அந்தக் கட்டணத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். பக்கத்துக் காடுகளுக்கும் ஓட்டப் போகிறீர்கள், அல்லது ஈரம் இருக்கும் அந்த இரண்டு நாளில் வாடகை வண்டி கிடைக்காமல் மானாவாரி விதைப்பு தவறிப்போகிறது என்றால் வாங்குவதில் நியாயம் இருக்கிறது. வாசலில் ஒரு வண்டி நிற்கட்டும் என்ற ஆசை மட்டும் என்றால் ஒரு வருடம் பொறுங்கள். அந்த ஆசை தப்பில்லை, ஆனால் விலை அதிகம்.

சரி, வாங்குவது என்று முடிவாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். நான் சொல்வதில் ஒன்றே ஒன்றைத்தான் கேட்பீர்கள் என்றால் அது இது: ஆறிப்போன இன்ஜினை விடியற்காலையில் பாருங்கள். சில வருடம் முன்பு என் சித்தப்பா மகனுக்காக முசிறி பக்கம் ஒரு வண்டி பார்க்கப் போனேன். ஏழு மணிக்கு வருகிறோம் என்று முதல் நாளே சொல்லியிருந்தோம். போனதும் பானெட்டைத் திறந்து இன்ஜின் பிளாக்கில் கை வைத்தேன், வெதுவெதுப்பாக இருந்தது. காலையிலேயே வயலுக்குப் போய் வந்ததாகச் சொன்னார்கள். டயரில் ஒரு பொட்டு ஈர மண் இல்லை. ஒன்றும் பேசாமல் வந்துவிட்டு நான்கு நாள் கழித்து, சொல்லாமல் ஆறு மணிக்குப் போய் நின்றோம். ஸ்டார்ட்டர் மோட்டார் இழுத்து இழுத்து ஓய்ந்த பிறகுதான் பற்றியது. பற்றியதும் கிளம்பிய வெள்ளைப் புகையில் எதிரே கட்டியிருந்த மாடுகளே தெரியவில்லை. முதல் முறை போனபோது சூடான இன்ஜினில் ஒரே சாவித் திருப்பலில் ஓடிய அதே வண்டி!

நல்ல டீசல் இன்ஜின் குளிரில் இரண்டு மூன்று விநாடிக்குள் பற்றும். ஆக்சிலரேட்டரைத் திடீரென்று கொடுக்கும்போது ஒரு கணம் கருப்புப் புகை வந்து மறைந்தால் கவலை வேண்டாம். சூடான பிறகும் நீலப் புகை விடாமல் வந்தால் வண்டி ஆயில் குடிக்கிறது. வெள்ளைப் புகை நிற்கவே இல்லை என்றால் டீசல் சரியாக எரியவில்லை, அல்லது இன்ஜினின் மேல் மூடியான ஹெட் வழியே தண்ணீர் உள்ளே போகிறது. ஓடிக்கொண்டிருக்கும்போது ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றிப் பாருங்கள். அங்கிருந்து புகை புஸ் புஸ்ஸென்று தள்ளினால் பிஸ்டன் ரிங்குகள் தேய்ந்துவிட்டன, இன்ஜின் வேலை பக்கத்தில் இருக்கிறது. ரேடியேட்டர் மூடியை ஸ்டார்ட் பண்ணும் முன்பே திறந்து பாருங்கள், தண்ணீர் மேல் எண்ணெய்ப் படலம் மிதக்கக் கூடாது. சூடான பிறகு அதில் கை வைக்கவே வேண்டாம், வெந்நீர் முகத்தில் அடிக்கும்.

இன்ஜினைப் பார்த்ததும் பலர் திருப்தியாகிவிடுகிறார்கள். பின்பக்கம்தான் பணம் தின்னும். கியர் பாக்ஸ் ஆயில் குச்சியை உருவி, ஆயிலை இரண்டு விரலில் தேய்த்துப் பாருங்கள். பால் கலந்த காபி மாதிரி இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. டெல்டா பக்கம் கேஜ் வீல் என்னும் இரும்புச் சக்கரம் மாட்டிச் சேற்றுழவு ஓட்டிய வண்டிகளில் இது அதிகம், சீல்கள் போயிருக்கும், பிரேக்கும் போயிருக்கும். இன்னொன்று, டிராக்டருக்கு லாரி மாதிரித் தனிச் சேசிஸ், அதாவது அடிச்சட்டம், கிடையாது. இன்ஜினும் கிளட்ச் ஹவுசிங்கும் கியர் பாக்ஸும் ஒன்றோடொன்று போல்ட் போட்டுச் சேர்ந்ததுதான் அதன் முதுகெலும்பு. அந்தச் சேர்க்கைகளிலும், முன் ஆக்சிலைத் தாங்கும் பகுதியிலும் வெல்டிங் தழும்பு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். புது பெயின்ட் இருந்தால் இன்னும் கவனமாக. தழும்பு இருந்தால் அந்த வண்டி கல்லும் மணலும் அளவுக்கு மீறி இழுத்திருக்கிறது, விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம்.

பிறகு கலப்பையை மாட்டி லிப்ட்டைத் தூக்கி, இன்ஜினை நிறுத்திவிட்டுப் பத்து நிமிடம் பேசிக்கொண்டிருங்கள். கலப்பை லேசாக இறங்கலாம். நீங்கள் பேச ஆரம்பிப்பதற்குள் தரையில் உட்கார்ந்துவிட்டால் ஹைட்ராலிக்கில் வேலை இருக்கிறது. அப்புறம் வயலில் இறக்கி அரை மணி நேரம் உழச் சொல்லுங்கள். கியர் தானாக நியூட்ரலுக்குத் தள்ளுகிறதா, மேடு ஏறும்போது இன்ஜின் சத்தம் கூடி வண்டி மட்டும் நகராமல் கிளட்ச் வழுக்குகிறதா என்பதெல்லாம் காலி ரோட்டில் தெரியாது, உழவில்தான் தெரியும். வயலில் இறக்கத் தயங்கும் ஆளிடம் வண்டி வாங்காதீர்கள்.

2,100 மணி நேரக் கதைக்கு வருகிறேன். 11 வருடத்துக்கு வருடம் 190 மணி நேரம், சொந்த நிலம் மட்டும் உழுத வண்டி என்றால் இது நடக்கக்கூடியதே. வாடகைக்கும் டிரெய்லருக்கும் ஓடியதென்றால் நடக்காது. மீட்டர் கேபிளைக் கழற்றிவிட்டு வருடக்கணக்கில் ஓட்டலாம், மீட்டரையே மாற்றலாம். அதனால் மீட்டரை விட்டுவிட்டு கிளட்ச் பெடலைப் பாருங்கள். ரப்பர் போய் இரும்பும் வழவழப்பாகத் தேய்ந்திருந்தால் அது 2,100 மணி நேரக் கால் இல்லை. ஸ்டீயரிங், கியர் ராடின் குமிழ், டிரெய்லர் மாட்டும் டிராபார் கொக்கியின் துளை, எல்லாம் அதே கதையைத்தான் சொல்லும். டிராபார் துளை நீள்வட்டமாகியிருந்தால் டிரெய்லர் வேலை நிறையப் பார்த்த வண்டி. பின் டயர் இரண்டையும் மாற்ற வேண்டியிருந்தால் அந்தச் செலவு முழுவதையும் விலையில் கழியுங்கள்.

விலையைப் பற்றி ஒரு விஷயம். 2025 செப்டம்பர் 22 முதல் புது டிராக்டருக்கான ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகிவிட்டது. புது வண்டி விலை இறங்கினால் பழைய வண்டி விலையும் இறங்க வேண்டும். பழைய விலையையே சொல்லும் புரோக்கரிடம் இதைச் சொல்லிப் பேசுங்கள். அந்த மாடலின் இன்றைய புது விலையை ஷோரூமில் கேட்டுவிட்டுப் போனால் பேச்சு சுலபம்.

கடைசியாக, உங்கள் ஊர் மெக்கானிக்கைக் கூட்டிப் போங்கள். புரோக்கர் சொல்லும் மெக்கானிக் வேண்டாம், நாளைக்கு வண்டி நின்றால் உங்கள் காட்டுக்கு வரப்போகிறவர் எவரோ அவர். எந்தக் கம்பெனி நல்லது என்று நீங்கள் கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் அவர் கைக்குப் பழகிய வண்டி என்றுதான் சொல்லியிருப்பேன்.

கேள்வி: விற்பவர் பெயர் மாற்றத்துக்கான 29, 30 ஃபாரங்களில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுகிறார். "பெயர் மாற்றத்தை மெதுவாகப் பண்ணிக்கொள்ளலாம், முழுப் பணத்தையும் கொடுங்கள்" என்கிறார்கள். பரவாயில்லையா?

பதில்: கூடாது. மெதுவாக என்பது பல பேருக்கு ஒருபோதும் இல்லை என்று முடிந்திருக்கிறது. சட்டப்படி, ஒரே மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாளுக்குள் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். இன்சூரன்ஸைத் தன் பெயருக்கு மாற்ற வாங்கியவருக்கு 14 நாள்தான். இதைச் செய்யாமல் வண்டி கவிழ்ந்தால் உங்கள் நஷ்டத்துக்குக் கம்பெனி பணம் தராது. விற்பவருக்கும் இது ஆபத்துதான். ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், விபத்து இழப்பீட்டுக்கு அவரே பொறுப்பு என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. இதை அவரிடம் சொல்லுங்கள், அவரே உங்களுக்கு முன்னால் ஆபீஸுக்கு வந்து நிற்பார்.

பணம் கொடுக்கும் முன் எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். ஃபைனான்ஸ் கம்பெனி பெயர் இன்னும் இருந்தால் கடன் முடிந்த என்.ஓ.சி.யும், ஆர்.சி.யில் உள்ள கடன் பதிவை நீக்கும் 35ஆம் ஃபாரமும் வாங்காமல் ஒரு ரூபாய் தராதீர்கள். வண்டி உடலில் பொறித்திருக்கும் சேசிஸ் எண் மேல் வெள்ளைத் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தெடுத்து, ஆர்.சி.யோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். டிரெய்லரும் சேர்த்து வாங்கினால் அதற்குத் தனி ஆர்.சி. உண்டு. கேளுங்கள், பலரும் "அது கூடவே வருவது" என்பார்கள். வண்டி 15 வருடம் தாண்டியிருந்தால் பதிவைப் புதுப்பித்திருக்கிறார்களா என்று பாருங்கள், புதுப்பித்தால் 5 வருடம் செல்லும். ஒரு பகுதிப் பணத்தைப் பெயர் மாறும் வரை கையில் வைத்துக்கொள்வதாக முதலிலேயே எழுதிக்கொண்டால் மனக்கசப்பு இருக்காது.

கேள்வி: பழைய டிராக்டர் விற்கும் கடை ஒன்றில் வாங்கினேன். "கியர் பாக்ஸ் புதுசா வேலை பண்ணியது" என்று வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தார். 25 நாளில் கியர் பாக்ஸ் உடைந்துவிட்டது. "பார்த்துத்தானே வாங்கினீர்கள்" என்கிறார். வழக்குப் போட முடியுமா?

பதில்: முடியும். அவர் விற்பதைத் தொழிலாகச் செய்கிறார், நீங்கள் சொந்தப் பிழைப்புக்காக வாங்கியிருக்கிறீர்கள், ஆகவே நீங்கள் நுகர்வோர்தான். பக்கத்துத் தோட்டக்காரரிடம் வாங்கியிருந்தால் இந்த வழி கிடையாது, சிவில் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும்.

அந்த வாட்ஸ்அப்பை அழிக்காதீர்கள், அதுதான் உங்கள் வழக்கு. பில், பணம் அனுப்பிய விவரம், உடைந்த கியரின் படம், மெக்கானிக் எழுதிக் கொடுத்த தாள், எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். உடைந்த பாகத்தைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். முதலில் பதிவுத் தபாலில் ஒரு கடிதம், 15 நாள் கெடு. அதோடு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார். பல சமயம் அங்கேயே பேசி முடிகிறது. முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். கொடுத்த விலை 5 லட்சத்துக்கு உட்பட்டது என்றால் கட்டணம் இல்லை. இரண்டு வருடக் கெடு உண்டு, ஆனால் இந்த மாதிரி விஷயத்தில் இரண்டு மாதம் தள்ளினாலே சாட்சியம் தேய்ந்துவிடும்.

கேள்வி: மகனுக்கு 20 வயது, கார் லைசென்ஸ் இருக்கிறது. டிராக்டர் ஓட்டலாமா?

பதில்: ஓட்டலாம். 7,500 கிலோவுக்கு உட்பட்ட டிராக்டர் சட்டப்படி இலகுரக வாகனம்தான், நம் ஊர் உழவு வண்டிகள் எல்லாம் அதற்கு வெகு கீழே.

லைசென்ஸை விட எனக்குக் கவலை தருவது வேறு. கார் ஓட்டிய காலுக்கு ஒரு பிரேக்தான் தெரியும். டிராக்டரில் இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் தனித்தனி பிரேக் பெடல். வயல் மூலையில் திருப்ப அது வேண்டும். ரோட்டுக்கு ஏறும் முன் இரண்டையும் சேர்க்கும் கொண்டியைப் போட வேண்டும். போடாமல் வேகத்தில் ஒரு பெடலை மட்டும் மிதித்தால் வண்டி ஒரு பக்கமாகச் சுழன்று கவிழும். முதல் நாளே கீழே குனிந்து அந்தக் கொண்டியை அவர் கையாலேயே போடச் சொல்லுங்கள். பழைய வண்டிகளில் அது பெரும்பாலும் துருப்பிடித்து நிற்கும், அல்லது இருக்கவே இருக்காது. இல்லையென்றால் ஓட்டக் கொடுக்கும் முன் மாட்டிவிடுங்கள். பின்னால் மாட்டும் கருவிகளை ஓட்டச் சுழலும் பி.டி.ஓ. தண்டுக்கு மூடி இருக்கிறதா என்றும் பாருங்கள், வேட்டி நுனி சிக்கினால் ஆளையே இழுத்துவிடும். மட்கார்டு மேல் தம்பியை உட்கார வைத்துக்கொண்டு போகிற வேலை கூடவே கூடாது. டிராக்டரில் ஒரு சீட்தான், விழுந்தால் பின் சக்கரத்துக்கு அடியில்தான் விழுவார்கள், இன்சூரன்ஸும் கை கொடுக்காது.