சின்னம் கைக்கு வருவதற்குள் பாதிப் பிரசாரம் முடிந்துவிடுகிறது: சிறிய கட்சிகளின் தேர்தல் சிக்கல்கள் பற்றிக் கேள்வி பதில்

தமிழ்நாட்டில் மூன்று தேர்தல்களில் சிறிய கட்சி வேட்பாளர்களுக்குத் தலைமை முகவராக இருந்திருக்கிறேன். 2024 மக்களவைத் தேர்தலில் சின்னம் பட்ட பாட்டைப் பற்றித்தான் பலரும் கேட்டிருக்கிறீர்கள். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

கடலூர் வாசகர்: அண்ணா, நாம் தமிழர் கட்சி 2019லும் 2021லும் கரும்பு விவசாயி சின்னத்தில் நின்றது. 2024இல் அதை ஏன் இழந்தது?

தேர்தல் ஆணையத்தின் அங்கீகாரம் இல்லாத கட்சிக்குச் சின்னம் சொந்தமில்லை தம்பி. ஒவ்வொரு தேர்தலுக்கும் புதிதாக மனு போட வேண்டும். 1968ஆம் ஆண்டின் சின்னங்கள் ஆணைப்படி, அவையின் காலம் முடிய ஆறு மாதம் இருக்கும்போது மனு வாங்கத் தொடங்குவார்கள். யார் முதலில் கேட்கிறாரோ அவருக்குச் சின்னம். 2024 தேர்தலுக்கு அந்த நாள் 2023 டிசம்பர் 17. நாம் தமிழர் மனு போட்டது பிப்ரவரியில். அதற்குள் கர்நாடகத்தைச் சேர்ந்த ஒரு கட்சி அந்தச் சின்னத்தை வாங்கிவிட்டது. டெல்லி உயர் நீதிமன்றம் போயும் பலனில்லை. கடைசியில் மைக் கிடைத்தது.

தேதியைத் தவறவிட்டது கட்சியின் பிழைதான். ஆனால் இந்த விதியே எனக்கு நியாயமாகப் படவில்லை. லட்சக்கணக்கானவர்கள் ஓட்டுப் போட்டுப் பழகிய ஒரு சின்னத்தை, இந்த மாநிலத்தில் அதை ஒருநாளும் தூக்கிப் பிடிக்காத கட்சிக்குக் கொடுப்பது வாக்காளருக்குச் செய்யும் அநீதி. வரிசையில் யார் முதலில் நின்றார் என்பதோடு, சென்ற முறை அந்தச் சின்னத்தில் யார் ஓட்டு வாங்கினார் என்பதையும் பார்க்க வேண்டும்.

திருநெல்வேலியிலிருந்து ஒரு மாணவி: இப்போதுதான் எல்லார் கையிலும் போன் இருக்கிறதே, சின்னம் மாறினால் ஒரே நாளில் சொல்லிவிட முடியாதா?

அந்த வருடத்து நாட்களை எண்ணிப் பாருங்கள் அம்மா. தேர்தல் அறிவிப்பு மார்ச் 16. வேட்புமனு மார்ச் 20 முதல் 27 வரை. வாபஸ் வாங்கக் கடைசி நாள் மார்ச் 30. அன்று மாலைதான் பல பேருக்குச் சின்னம் உறுதியானது. ஏப்ரல் 17 மாலை பிரசாரம் முடிகிறது, 19 வாக்குப்பதிவு. கையில் மிஞ்சியது 18 நாள். ஒரு மக்களவைத் தொகுதியில் ஆறு சட்டமன்றத் தொகுதிகள். ஒவ்வொன்றுக்கும் மூன்று நாள் என்றால், எத்தனை ஊருக்குள் போக முடியும்?

போன் இருப்பவருக்குச் செய்தி போய்விடும், சரி. சின்னத்தை நம்பி ஓட்டுப் போடுவது பெரும்பாலும் வயதானவர்கள்தான். ஒரு முறை எங்களுக்கும் சின்னம் கடைசி நேரத்தில் மாறியது. கிராமத்துச் சுவரில் எழுதியிருந்த பழைய சின்னத்தின் மேல் சுண்ணாம்பு அடித்தோம். ஒரு பூச்சு காய்ந்ததும் பழைய சின்னம் மங்கலாக மேலே தெரிந்தது. இரண்டாவது பூச்சு அடித்துவிட்டு, அதன்மேல் புதியதை வரைந்தோம். வீட்டுக்கார ஆத்தா திண்ணையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். முடித்துவிட்டுக் கும்பிட்டபோது, "எல்லாம் சரிதான்யா, நம்ம பழைய சின்னத்துக்கு யாரு நிக்கிறா?" என்று கேட்டார். அதற்கப்புறம் பேச்சைக் குறைத்துக்கொண்டு, மாதிரி வாக்குச்சீட்டைக் கையில் கொடுத்து, விரலை வைத்துக் காட்டித்தான் ஓட்டுக் கேட்டோம்.

திருச்சி வாசகர்: மதிமுகவுக்குப் பம்பரம் மறுக்கப்பட்டது, விசிகவுக்குப் பானை கிடைத்தது. ஏன் இந்த வித்தியாசம்?

பொதுச் சின்னம், அதாவது கட்சியின் எல்லா வேட்பாளருக்கும் ஒரே சின்னம் வேண்டுமானால் மக்களவைத் தேர்தலில் குறைந்தது இரண்டு தொகுதிகளில் நிற்க வேண்டும். மதிமுக நின்றது உங்கள் திருச்சியில் மட்டும். விசிக சிதம்பரம், விழுப்புரம் இரண்டிலும் நின்றது. ஆனாலும் பானை சுலபமாகக் கிடைத்துவிடவில்லை. முதலில் மறுப்பு வந்து, மார்ச் 30 வரை இழுத்தடித்த பிறகே கிடைத்தது. மதிமுகவின் துரை வைகோ தீப்பெட்டியில் நின்று 3 லட்சத்துக்கும் அதிகமான ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். அதற்குக் கூட்டணி பலம் காரணம். தனியாக நிற்கும் கட்சி அதைக் கணக்கில் வைத்து ஏமாறக் கூடாது.

அதே வாசகர்: அப்படியானால் கூட்டணித் தலைமைக் கட்சியின் சின்னத்திலேயே நின்றுவிடலாமே?

2019இல் மதிமுக ஈரோட்டில் உதயசூரியனில்தான் நின்று ஜெயித்தது. வெற்றி சுலபமாகலாம். ஆனால் சட்டத்தின் கண்ணில் அவர் அந்தப் பெரிய கட்சியின் உறுப்பினர். அதன் கொறடா உத்தரவு அவரைக் கட்டுப்படுத்தும். வாங்கிய ஓட்டும் சொந்தக் கட்சியின் கணக்கில் ஏறாது, ஏறாவிட்டால் அங்கீகாரம் கிடைக்காது. திருமாவளவன் அதே 2019இல் சிதம்பரத்தில் பானையில் நின்று 3,219 ஓட்டில்தான் தப்பித்தார். அன்று இரவு வரை அந்தக் கட்சித் தொண்டர்கள் இருந்த இருப்பை நினைத்தால் இப்போதும் நெஞ்சு படபடக்கிறது. அந்தப் பிடிவாதத்துக்குப் பலன் 2024க்குப் பிறகு வந்தது. விசிக, நாம் தமிழர் இரண்டுமே மாநிலக் கட்சி அங்கீகாரம் பெற்றன.

மதுரையிலிருந்து: புதுச் சின்னத்தில் தனியாக நின்று ஜெயித்தவர் யாருமே இல்லையா?

இருக்கிறார். ஆர்.கே.நகர் இடைத்தேர்தலில் தினகரனுக்கு முதலில் தொப்பி. அந்தத் தேர்தல் ரத்தானது. 2017 டிசம்பரில் குக்கர் கொடுத்தார்கள், ஜெயித்தார். ஆனால் அது ஒரே சட்டமன்றத் தொகுதி, மாநிலமே பார்த்துக்கொண்டிருந்த தேர்தல். 2019இல் அவருடைய அமமுகவுக்குப் பரிசுப்பெட்டி வந்தபோது ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை.

ராமநாதபுரம் வாசகர்: எங்கள் தொகுதியில் ஓ.பன்னீர்செல்வம் என்ற பெயரில் பலர் நின்றார்களே, அதற்குச் சட்டத்தில் தடை இல்லையா?

இல்லை. பெயர் அவரவர் உரிமை. மிஷினில் வேட்பாளர் படம் வைக்கத் தொடங்கியதே இந்தக் குழப்பத்துக்காகத்தான். பலாப்பழத்தில் நின்ற முன்னாள் முதல்வர் 3 லட்சத்து 40 ஆயிரத்துக்கு மேல் ஓட்டு வாங்கி இரண்டாம் இடம் வந்தார். நாடறிந்த முகம் என்பதால் படம் அவருக்கு உதவியிருக்கும். புது வேட்பாளருக்கு அந்த வசதி கிடையாது.

கோவை வாசகர்: மக்களவைத் தேர்தலில் செலவு வரம்பு 95 லட்சம் என்கிறார்கள். அது சிறிய கட்சிக்குச் சாதகம்தானே?

வரம்பு வேட்பாளருக்கு மட்டும். கட்சி செய்யும் பொதுச் செலவுக்கு வரம்பே கிடையாது. பயணச் செலவு வேட்பாளர் கணக்கில் ஏறாத நட்சத்திரப் பேச்சாளர்களும் அங்கீகரிக்கப்பட்ட கட்சிக்கு 40 பேர், மற்றவர்களுக்கு 20 பேர்தான்.

சேலம் வாசகர்: ஐயா, நாங்கள் புதிதாகப் பதிவு செய்த கட்சி. முதலில் எதைக் கவனிக்க வேண்டும்?

சின்னம் கேட்கும் நாளை இன்றே குறித்துவையுங்கள். அப்புறம் வேட்புமனுவில் கையெழுத்துப் போட்டு முன்மொழிபவர்கள். பெரிய கட்சிக்கு ஒருவர் போதும், உங்களுக்குப் பத்துப் பேர் வேண்டும். பத்துப் பேரும் அந்தத் தொகுதி வாக்காளர்களாக இருக்க வேண்டும். ஒரு தேர்தலில் கடைசி நாள் மதியம் இரண்டு மணிக்கு, எங்கள் பத்துப் பேரில் ஒருவரின் பெயர் பக்கத்துத் தொகுதிப் பட்டியலில் இருப்பதைக் கண்டுபிடித்தோம். சாலைக்கு இந்தப் பக்கம் கடை, அந்தப் பக்கம் வீடு. மூன்று மணியோடு மனு வாங்குவதை நிறுத்திவிடுவார்கள். பைக்கில் ஒரு பையன் பறந்துபோய் இன்னொருவரைக் கூட்டிவந்து கையெழுத்து வாங்கும்போது மணி 2.50. நீங்கள் பன்னிரண்டு பேராகத் தயார் செய்துகொள்ளுங்கள். பாகம் எண், வரிசை எண் இரண்டையும் கடைசியாக வந்த வாக்காளர் பட்டியலில் நீங்களே விரல் வைத்துப் பாருங்கள்.