புரொஸ்டேட் எண்டா என்ன, எங்க இருக்கு, வயசு போகப் போக ஏன் சலம் போறது கஷ்டமாகுது?

நான் டொக்டர் இல்ல. வெள்ளவத்தையில இருக்கிறன், எங்கட அப்பாவுக்கு 67 வயசில இது தொடங்கி ரெண்டு வருஷமா அவரோட கிளினிக்குக்கு அலைஞ்சதில கேட்டதையும் வாசிச்சதையும் எழுதுறன்.

சலப்பைக்கு நேர கீழ, மலக்குடலுக்கு முன்னால இருக்கிற ஒரு சுரப்பி அது, ஆம்பிளையளுக்கு மட்டும்தான் இருக்கு. பள்ளிக்கூடப் புத்தகத்தில முன்னிற்குஞ் சுரப்பி எண்டு படிச்சிருப்பீங்க. இளம் வயசில சின்னத் தேசிக்காய் அளவு, 20 கிராம் மட்டில. முக்கியமான விஷயம் என்னெண்டா சலக்குழாய் அதுக்குப் பக்கத்தால போகேல்ல, அதுக்கு நடுவால போகுது. அப்பாவுக்கு டொக்டர் மருந்துத் துண்டுக்குப் பின்பக்கம் உளுந்து வடை ஒண்டு கீறி, ஓட்டைக்குள்ள பேனையை வச்சுக் காட்டினவர், "ஐயா, வடை உள்பக்கமா வீங்கினா இந்தக் குழாய்க்கு என்ன நடக்கும்?" எண்டு கேட்டார், அதோட அப்பாவுக்கு எல்லாம் விளங்கிட்டுது. அதுவரைக்கும் உடம்புச் சூடு எண்டு சொல்லித் தினமும் செவ்விளநீர் குடிச்சுக்கொண்டிருந்த மனுஷன்.

வேலை என்னெண்டா, விந்தோட சேருற தண்ணியில கால்வாசி மட்டில இதுதான் சுரக்குது. விந்தணுவைச் செய்யிறது விதை, புரொஸ்டேட் இல்ல. விந்து வெளிய வந்தவுடன கட்டியா இருக்கும், அதை இளக்கி விந்தணு நீந்த வழி விடுறது இந்தச் சுரப்பி செய்யிற பிஎஸ்ஏ எண்ட புரதம். ரத்த டெஸ்டில பாக்கிற பிஎஸ்ஏயும் அதேதான், கொஞ்சம் ரத்தத்துக்குள்ள கசியிறதைத்தான் அளக்கினம்.

இப்ப எல்லாரும் பயப்படுற இடத்துக்கு வாறன். சலக்குழாயைச் சுத்தி இருக்கிற உள்பகுதி இளம் வயசில முழுச் சுரப்பியில 5 வீதம் மட்டில்தான், ஆனா வயசு போக வீங்கிறது அந்தப் பகுதி. கேன்சர் கூடுதலா வாறது வெளிப்பகுதியில, மலக்குடல் பக்கம். அதாலதான் டொக்டர்மார் விரலால பாக்கினம், வெக்கப்பட்டு வேண்டாம் எண்டு சொல்லாதீங்க. வீங்கினா கேன்சர் எண்டும் இல்ல, சலம் நல்லாப் போகுது எண்டா கேன்சர் இல்ல எண்டும் இல்ல, குழாய்க்குத் தள்ளி இருக்கிறதால தொடக்கத்தில ஒண்டும் தெரியாது. பிஎஸ்ஏ கூடினாலும் உடன பதறாதீங்க, வீக்கத்துக்கும் கிருமி பிடிச்சாலும் கூடும்.

அப்பா இரவில அஞ்சு தரம் எழும்புவார். பாத்ரூமில ஒரு கையால சுவரைப் பிடிச்சுக்கொண்டு, பைப்பைத் திறந்து விட்டு, அந்தத் தண்ணிச் சத்தத்தில எண்டாலும் வருமோ எண்டு நிப்பார், எங்களுக்கு ஒரு சொல்லும் சொல்லேல்ல. ஒரு நாள் தடிமனுக்குக் கடையில வாங்கின குளிசை போட்டார், அண்டைக்கு இரவு ஒரு துளியும் வரேல்ல, வயிறு கல்லு மாதிரி. ஆஸ்பத்திரியில டியூப் போட்டு ஒரு லீட்டருக்குக் கிட்ட எடுத்தவை. மூக்கடைப்பு மருந்துகள் சிலது சலப்பை வாசல் தசையை இறுக்கும், அது எங்களுக்கு அப்பதான் தெரியும். புரொஸ்டேட் வீக்கம் இருக்கிற ஆள் தடிமன் குளிசை வாங்க முதல் கேக்கவேணும்.

இப்ப ரெண்டு மருந்து போடுறார். டாம்சுலோசின் அந்தத் தசையைத் தளர்த்தும், சில நாளிலயே வித்தியாசம் தெரிஞ்சுது, ஆனா டக்கெண்டு எழும்பினா தலை சுத்தும், கட்டில் ஓரத்தில கொஞ்சம் இருந்துட்டுத்தான் எழும்புவார். ஃபினாஸ்டெரைட் சுரப்பியையே சுருக்கும், அதுக்கு ஆறு மாசம் மட்டில பொறுக்கவேணும். ஒண்டு கவனம், ஃபினாஸ்டெரைட் போட்டு அந்த ஆறு மாசம் போனா பிஎஸ்ஏ அரைவாசி அளவுக்குக் குறைஞ்சு காட்டும், ரிப்போட்டைப் பாக்கிற டொக்டர் புதுசா இருந்தா இந்த மருந்து போடுறம் எண்டு நீங்களே வாய் திறந்து சொல்லுங்கோ.